மண்ணுக்கு வலிக்காத வண்டி

ரொம்ப நேரமா என் மூஞ்சியவே பாக்கறீங்க தம்பி. பரவால்லீங்க, பாருங்க. எனக்குப் பழகிருச்சு. நீங்க நெனைக்கறது சரிதான். அந்தக் கார் விளம்பரத்துல குளத்துக்குள்ள மண்ணை அள்ளி மூஞ்சிகிட்ட கொண்டுபோயி மோந்து பாப்பானே ஒரு ஆளு, நரைச்ச மீசையோட, அது நாந்தான். பேரு சென்னியப்பன். கோயமுத்தூருல மோட்டார் ரீவைண்டிங் கடை.

விளம்பரத்தை நிறுத்திட்டாங்க. ஆனா செல்போன்ல இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்குது, அந்தப் பறவை கத்தற சத்தத்தோட. நீங்க பாத்தது அதாத்தான் இருக்கும். பாத்து சிரிச்சீங்களா, திட்டுனீங்களா? சொல்ல வேண்டாம் விடுங்க. ஊரே பேசிருச்சு என்னைப் பத்தி. எம்பட பக்கத்தை மட்டும் யாரும் கேக்கல. பஸ்சு சேலம் போயிச் சேர இன்னும் நேரம் இருக்குது, நீங்களாச்சும் கேளுங்க.

எங்க ஊருக்குத் தெக்கால ஒரு குளம். சின்னாண்டிக்குளமுங்க. ஒரு காலத்துல அதுல தண்ணிய விட குப்பைதான் ஜாஸ்தி. கோழிக்கடைக் கழிவு, பழைய மெத்தை, ஆஸ்பத்திரி ஊசி, எல்லாம் அங்கதான். அதைச் சுத்தம் பண்ணுனது யாருன்னு கேட்டீங்கன்னா, நானும் மருதாசலமும். அப்பறமேட்டுத்தான் மத்தவங்க வந்தாங்க. மொதல் ஞாயித்துக்கிழமை கடப்பாரையும் கூடையுமா எறங்கினது நாங்க ரெண்டு பேருதான்.

மருதாசலம் மில்லுல வேலை பாத்துட்டு ரிட்டையர் ஆனவன். சின்ன வயசுல இருந்து சிநேகிதன். வாய் பேச மாட்டான். நான் பேசுவேன், அவன் செய்வான். ஆபீசுக்கு மனு கொடுக்கறதுன்னா நான், சேத்துல எறங்கறதுன்னா அவன். அதுக்காக நான் எறங்கலைன்னு நெனைக்காதீங்க, நானும் எறங்குவேன். ஆனா பேசறதுக்கும் ஒரு ஆளு வேணுமில்லீங்களா? பேப்பர்காரங்க வந்தா என்கிட்டத்தான் கேப்பாங்க. போட்டோவுல நான் முன்னாடி நிப்பேன். அவன் பின்னாடி எங்காவது நிப்பான், இல்லாட்டி அந்தப் பக்கம் போயிருவான். அவனாத்தான் போவானுங்க, நான் ஒண்ணும் போகச் சொன்னதில்ல.

போன சித்திரைக்கு முன்னாடி கார் கம்பெனிக்காரங்க வந்தாங்க. கம்பெனி பேரு வேண்டாம். பேட்டரியில ஓடற பெரிய கார். புகை இல்ல, சத்தம் இல்ல. விளம்பரம் எடுக்கற ஏஜென்சியில இருந்து ஷ்ரேயான்னு ஒரு பொண்ணு. என் கடைக்கே வந்து, கிரீஸ் புடிச்ச ஸ்டூலுல உக்காந்து, "சென்னியப்பன் சார், எங்களுக்கு நடிகர் வேண்டாம். நெசமா மண்ணைக் காப்பாத்தின ஒருத்தர் வேணும்"னுச்சு. இத்தனை வருசத்துல எந்த அதிகாரியும் எனக்கு அப்படி சொன்னதில்லீங்க. கவுன்சிலர் சொன்னதில்ல. எங்கூட்டுல சொன்னதில்ல.

விளம்பரத்துல கடைசியில ஒரு வாசகம் வரும். 'மண்ணுக்கு வலிக்காத பயணம்'. அது நான் சொன்னதுங்க. பேசிட்டு இருக்கறப்ப, மண்ணுக்கு வலிக்காம நடக்கோணும்மான்னு சும்மா சொன்னேன். அந்தப் பொண்ணு டக்குன்னு எழுதிக்கிச்சு.

மருதாசலத்துக்கிட்ட சொன்னேன். சொல்லாம செய்யலீங்க, அதை நீங்க கவனிக்கோணும். அவன் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்.

"காரை எங்க ஓட்டுவாங்க?"

"கரை மேல."

"கரை மேலன்னா ஓட்டட்டும். குளத்துக்குள்ள எறங்க விடாதே. ஆள்காட்டி முட்டை வெச்சிருக்குது."

ஆள்காட்டின்னா தெரியுமுங்களா? நெட்டக் காலுல நிக்குமே, ஆளைக் கண்டா மேல சுத்திச் சுத்திக் கத்துமே, அந்தப் பறவை. அது மரத்துல கூடு கட்டாது. வெயில் காலத்துல குளம் வத்துன எடத்துல, வெறுந்தரையில, கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டை வெச்சிரும். முட்டையும் மண்ணு நெறம்தான். மிதிச்சாத்தான் தெரியும். அதனால மருதாசலம் வருசா வருசம் முட்டை இருக்கற எடத்தைச் சுத்தி, கூரையில இருந்து ஒடைஞ்ச ஓட்டுச் சில்லை வட்டமா அடுக்கி வெப்பான். செவப்பாத் தெரியுமில்லீங்களா, ஆட்டுக்காரரு ராக்கியப்பன் ஆட்டை ஒதுக்கி ஓட்டிக்கிட்டுப் போவாரு.

சூட்டிங் வெச்சிருந்த சமயம் பாத்து மருதாசலத்தோட சம்சாரம் வசந்தாமணிக்கு பித்தப்பையில கல்லுன்னு ஆபரேசன். ஈரோட்டுல மக வீட்டோட தங்கி ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. கெளம்பறப்ப மறுபடியும் என்கிட்ட, "பாத்துக்கோ சென்னி"ன்னான். அவ்வளவுதான். நானும் தலையாட்டினேன்.

சூட்டிங் அன்னிக்கு எனக்குத் தனியா ஒரு நாற்காலி, தலைக்கு மேல கொடை. வேர்த்தா தொடச்சு விட ஒரு ஆளு. டைரக்டரு பெங்களூர்க்காரரு. கரை மேல ரெண்டு மூணு தடவை ஓட்டிப் பாத்தாங்க. அவருக்குப் புடிக்கல. வெடிச்சுக் கெடக்கற குளத்து மண்ணு, அதுக்கு நடுவுல வெள்ளைக் கார், சாயங்கால வெயிலு, அதுதான் வேணும்ன்னாரு. நான் முடியாதுன்னு சொன்னேன். கேளுங்க, நான் மொதல்ல முடியாதுன்னுதான் சொன்னேன். முட்டை இருக்குதும்மான்னு ஷ்ரேயாகிட்டச் சொன்னேன். "டிரைவர் ரொம்ப எக்ஸ்பர்ட் சார். பாத்து ஓட்டுவாரு. நீங்க கூடவே இருங்க"ன்னுச்சு. எவ்வளவு மரியாதையாச் சொல்லுச்சு தெரியுமுங்களா? அத்தனை பேரு, அத்தனை லைட்டு, ஜெனரேட்டர், எல்லாம் எம்பட ஒரு வார்த்தைக்குக் காத்துக்கிட்டு நிக்குது. நான் என்ன பண்ணட்டும்?

அப்பறம் கேமராக்காரரு, கீழ செவப்பா என்னமோ கெடக்குது, கண்ணை உறுத்துதுன்னாரு. ஓட்டுச் சில்லுங்க. கம்பெனிப் பசங்கதான் எடுத்தாங்க. நான் எடுக்கல. அந்தப் பசங்களுக்கு எது எங்க இருக்குதுன்னு தெரியல, கண்டபடி மிதிச்சுக்கிட்டு நடந்தாங்க. அதனால நான் கூட நடந்து எது எதுன்னு காமிச்சேன். பத்திரமா ஓரமா வைக்கச் சொன்னேன், முடிஞ்சதும் திரும்ப வெச்சிரலாம்னு. யாரா இருந்தாலும் அதைத்தானுங்களே செய்வாங்க?

கார் போச்சு. சத்தமே இல்லீங்க. அந்தப் பறவைக நாலஞ்சு எந்திரிச்சு காரை விடாம சுத்துது. தாழப் பறக்குது, மேல போகுது, திரும்ப வந்து கண்ணாடிகிட்ட பாயுது. டைரக்டருக்கு சந்தோசம் தாங்கல. "இதைக் காசு கொடுத்தாலும் எடுக்க முடியாது சார்"னு என்னைக் கட்டிப் புடிச்சுக்கிட்டாரு. பொழுது எறங்கினதும் அதே காருல என்னை ஊட்டுல கொண்டு வந்து விட்டாங்க.

அடுத்த நாள் நானே போனேன். சில்லையெல்லாம் எடுத்து மறுபடியும் வட்டமா அடுக்கினேன். சரியா எந்த எடம்னு தெரியல, டயர் தடமாக் கெடந்துச்சு. ஒரு குத்துமதிப்பா வெச்சேன். வேணும்னா வைக்காமயே வந்திருக்கலாமில்லீங்களா? வெச்சேன்.

மருதாசலம் ஈரோட்டுல இருந்து வந்ததும் நேரா குளத்துக்குத்தான் போயிருக்கறான். அப்பறம் கடைக்கு வந்தான்.

"வட்டம் இருக்குது சென்னி. உள்ள ஒண்ணுமே இல்ல."

அவன் பொண்டாட்டிய ஆஸ்பத்திரியில இருந்து அப்பத்தான் கூட்டியாந்திருக்கறான். மனசு நொந்து போயிருக்கற ஆளுகிட்ட போயி எல்லாத்தையும் சொல்ல முடியுமுங்களா? ஆடு மிதிச்சிருக்கும்னு சொன்னேன். அவன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அவன் போயி ராக்கியப்பன்கிட்ட சத்தம் போட்டுட்டான். வாழ்க்கையில யாரையும் சத்தம் போடாத மனுசன். ராக்கியப்பன் அன்னையில இருந்து ஆட்டை வேற பக்கம் ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. இதெல்லாம் சின்ன விசயமுங்க, கதைக்கு வேண்டியதில்ல. என்னமோ வாயில வந்துருச்சு.

விளம்பரம் வந்துச்சு. அடேயப்பா, என்ன சொல்றது. டிவியில, தேட்டருல, போன்ல. இன்டர்வெல்லுல எம்பட மூஞ்சி அந்தப் பெரிய திரையில வந்ததும் ஜனங்க கை தட்டுனாங்க. புல்லாங்குழல் வாசிக்குது, வெள்ளைக் கார் வருது, பறவை சுத்துது, நான் மண்ணை மோந்து பாக்கறேன். பக்கத்து சீட்டுல ஒரு அம்மா கண்ணைத் தொடச்சாங்க. ஒரு கல்யாணத்துக்குப் போனா, மாப்பிள்ளை பொண்ணை விட்டுட்டு எங்கூட போட்டோ எடுக்கறாங்க. பள்ளிக்கூடத்துல சுற்றுச்சூழல் தினத்துக்கு என்னைக் கூப்புட்டாங்க. குறும்பு பேசறவங்களும் இருந்தாங்க. டீக்கடையில ஒருத்தன், "ஏனுங்கண்ணா, புகை வராது சரி, கரண்டு எங்கிருந்து வருது? நிலக்கரிய எரிச்சுத்தானே"ன்னான். இன்னொருத்தன், "அண்ணன் டவுன் பஸ்சுல போவாராம், ஊரைக் காருல போகச் சொல்வாராம்"னான். வயித்தெரிச்சல்காரங்க எல்லா ஊருலயும் உண்டு.

மருதாசலம் மட்டும் பாக்கல. அவங்கூட்டுல டிவி ரிப்பேரு, கையில பட்டன் போனு. ஒரு நாள் டீக்கடையில யாரோ காமிச்சிருக்காங்க. ஒருக்கா பாத்துட்டு, மறுபடியும் போடச் சொன்னானாம். அப்பறம் மறுபடியும். டீயக் குடிக்காம வெச்சுட்டு சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு டீக்கடைக்காரரு சொன்னாரு. என்கிட்ட வரல. அதைத்தான் நான் சொல்றேன் தம்பி. என்கிட்ட வரல. கூடப் பொறந்தவனாட்டம் இருந்தவன், ஒரு வார்த்தை, என்னடா சென்னி இதுன்னு, தனியாக் கூப்புட்டுக் கேக்கல.

அப்பறம் கம்பெனிக்காரங்க எனக்குப் பாராட்டு விழா வெச்சாங்க. எங்க ஊரு கல்யாண மண்டபத்துல. வாசல்ல அந்தக் காரை மாலை போட்டு நிறுத்தியிருந்தாங்க. ஊரு ஜனம் பூராவும் வந்திருந்துச்சு. எனக்குப் பொன்னாடை போத்தி, பெரிய திரையில விளம்பரத்தைப் போட்டாங்க. கைதட்டல் அடங்கினதும் ஷ்ரேயா மைக்குல, "சாரைப் பத்தி யாராவது ரெண்டு வார்த்தை பேசுங்க"ன்னுச்சு. பின்னாடி இருந்து மருதாசலம் எந்திரிச்சான். எனக்கு நெஞ்சு நெறைஞ்சு போச்சு. நம்மளைப் பத்திப் பேச எந்திரிச்சிருக்கறானேன்னு நெனைச்சேன். வாய் பேசாதவன் எனக்காக எந்திரிக்கறானேன்னு. நானே கை தட்டுனேன்.

மேடைக்கு வந்தான். ஈரோட்டுல இருந்து வந்திருந்த மகளோட போனை வாங்கிக் கொண்டாந்திருக்கறான்.

"அந்தப் படத்தை இன்னொருக்கா போடுங்க. பாட்டு மட்டும் வேண்டாம்"னான்.

போட்டாங்க. ஏதோ நல்லதுக்குன்னு நெனைச்சிருப்பாங்க. சத்தமில்லாம படம் ஓடுது. கார் குளத்துக்குள்ள வருது. பறவைக எந்திரிக்குது. அப்ப அவன் போனை மைக்குகிட்ட வெச்சான். ஆள்காட்டி கத்தறதை அதுல புடிச்சு வெச்சிருக்கறான். அந்தக் கத்தலு மண்டபம் பூரா கேக்குது தம்பி. எதுக்கு சுத்துது, எதுக்குப் பாயுதுன்னு சின்னக் கொழந்தைக்கும் புரிஞ்சு போச்சு. நீங்க போன்ல கேட்டிருப்பீங்க. அங்க உக்காந்து கேட்டாத்தான் தெரியும்.

படம் முடிஞ்சதும் மருதாசலம் சொன்னான்: "இது ஆடல, பாடல. கீழ அதோட முட்டை இருக்குது. அதுக்குக் கத்துது." அப்பறம் கீழ ராக்கியப்பன் உக்காந்திருந்த பக்கம் திரும்பினான். "ராக்கியப்பண்ணா, உங்களைத் தப்பாப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டான். எம்பட பேரை எடுக்கவே இல்ல. நான் பொன்னாடையோட உக்காந்திருக்கறேன்.

ஏதோ ஒரு பொண்ணு அதை அப்படியே வீடியோ எடுத்துப் போட்டிருச்சு. அப்பறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மொதல்ல அழுதாங்களே, அதே ஜனங்கதான் திட்டுனாங்க. காரை வாங்காதீங்கன்னு ஒரு கூட்டம். பொகை விடற வண்டி மட்டும் என்ன, எல்லாம் ஒண்ணுதான்னு ஒரு கூட்டம். ஒரு குருவிக்கு இவ்வளவு அலப்பறையான்னு ஒரு கூட்டம். மூணு கூட்டமும் திட்டறதுக்கு எம்பட மூஞ்சிதான் கெடைச்சுது. கடைக்கு மோட்டாரு கொண்டாறவங்களே குறைஞ்சு போனாங்க. தெருவுல பசங்க என்னைக் கண்டா அந்தப் பறவையாட்டம் கத்தறாங்க. எனக்குப் பேரே ஆள்காட்டின்னு வெச்சுட்டாங்க.

கம்பெனி விளம்பரத்தை எடுத்திருச்சு. வருத்தம் தெரிவிச்சு பேப்பருல போட்டாங்க. அதுல என்ன போட்டிருந்துச்சு தெரியுமுங்களா? 'உள்ளூர் சுற்றுச்சூழல் ஆர்வலரின் வழிகாட்டுதலின்படியே படப்பிடிப்பு நடந்தது.' ஆர்வலருன்னா யாரு, நாந்தான். மண்ணைக் காப்பாத்தினவருன்னு சொன்ன வாயி. ஷ்ரேயாவுக்குப் போன் பண்ணுனேன், எடுக்கல. எங்கூட்டுக்காரி போன்ல இருந்து பண்ணுனேன், எடுத்துச்சு, எங்குரலைக் கேட்டதும் வெச்சிருச்சு.

அது அந்நியம், விடுங்க. கம்பெனிக்காரன் அப்படித்தான் இருப்பான். மருதாசலம் செஞ்சதுதான் தாங்க முடியல. ஒரு நாள் அவங்கூட்டுக்கே போனேன். வசந்தாமணி எளைச்சுப் போயிருந்துச்சு, சொம்புல தண்ணி கொண்டாந்து வெச்சுட்டு உள்ள போயிருச்சு. அவன் சைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கிட்டு இருந்தான்.

"ஊரு முன்னாடி என்னைக் காட்டிக் கொடுத்துட்டியே மருதா"ன்னேன்.

நிமிந்து பாக்கல. "உன் பேரை நான் சொன்னனா?"

"சொல்லல."

"சில்லை யாரு எடுத்தாங்கன்னு அங்க கேட்டனா?"

"கேக்கல."

"இப்பக் கேக்கறேன்."

நான் உள்ளதைச் சொன்னேன் தம்பி. கம்பெனிப் பசங்கதான் எடுத்தாங்கன்னேன். பொய்யா? நீங்களே சொல்லுங்க, பொய்யா?

அவன் எண்ணெய்க் குப்பிய மூடி கீழ வெச்சான். "அத்தனை பெரிய குளத்துல எந்த ஓடு எதுக்குக் கெடக்குதுன்னு அந்தப் பசங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"ன்னான்.

என்ன கேள்வி அது? சிநேகிதங்கிட்டக் கேக்கற கேள்வியா? போலீஸ்காரனாட்டம். நான் எந்திரிச்சு வந்துட்டேன். வெச்ச தண்ணியக் குடிக்கல. பின்னாடி கூப்புடுவான்னு தெருமுக்குல நின்னு பாத்தேன். கூப்புடல.

எங்கூட்டுக்காரி சாரதாமணிகிட்ட வந்து சொன்னேன், இப்படிக் கேட்டுப்புட்டான்னு. அவ கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. "நீங்க என்ன சொன்னீங்க?"ன்னா. எந்திரிச்சு வந்துட்டேன்னேன். "அதான் சொல்லிட்டீங்களே"ன்னுட்டு கீரையத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா. கட்டுனவளும் அந்தப் பக்கம்தான்.

இப்ப ஞாயித்துக்கெழமையானா குளத்துல கூட்டம் அள்ளுது. காலேஜுப் பசங்க, பொண்ணுக, ஐ.டி. ஆளுக. அந்த வீடியோவப் பாத்து வந்தவங்க. மருதாசலத்தைச் சுத்தி நிக்கறாங்க. வாய் பேசாதவன் இப்ப சொல்லிக் கொடுக்கறான். போட்டோவுல நடுவுல அவன். ராக்கியப்பனும் வர்றாரு. எனக்கு ஒருத்தரும் போன் பண்றதில்ல. குளத்துக்குக் கம்பி வேலி வேணும்னு கலெக்டர் ஆபீசுக்கு நடையா நடந்தவன் நானு. வேலியும் வந்துருச்சு, கேட்டும் வந்துருச்சு. சித்திரை, வைகாசியில யாரும் உள்ள போகக்கூடாதுன்னு போர்டு. கேட்டுச் சாவி அவங்கிட்ட.

சேலம் எதுக்குப் போறேன்னு கேக்கலியே நீங்க. ஷ்ரேயா கூட வேலை பாத்த ஒரு பையன், இப்பத் தனியா ஏஜென்சி வெச்சிருக்கறான். அவனே கூப்புட்டான். வேற கம்பெனி, இதுவும் பேட்டரி வண்டிதான். நல்ல பையனுங்க. அங்க நடந்தது தப்பு சார், உங்களைப் பலி கொடுத்துட்டாங்கன்னு அவனா சொன்னான். இத்தனை நாள்ல அப்படிச் சொன்ன ஒரே ஆளு அவந்தான். போனை வெச்சுட்டு நான் அழுதுட்டேன், உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன.

இந்தத் தடவை எம்பட மூஞ்சி வேண்டாமாம். ஜனங்களுக்கு ஞாபகம் இருக்குமாம். எடம் காமிச்சாப் போதும்ன்னான். தண்ணி, கரை, கொஞ்சம் பறவை. இவங்க முன்ன மாதிரி இல்லீங்க, பேச்சுலயே தெரியுது. குளத்துக்குள்ள எறங்க மாட்டாங்களாம், கரையோட நிறுத்திக்குவாங்களாம்.

எங்க குளத்துல இனி விட மாட்டாங்க. அதான் யோசிச்சுக்கிட்டே வர்றேன்.

ஏனுங்க தம்பி, உங்களுக்கு எந்த ஊரு? அந்தப் பக்கம் குளம் ஏதாச்சும் இருக்குதுங்களா?